துணிக்கு அடியில் இருந்தவள்

ஷாக்கே பெர்பெரியானுக்குச் சின்னத் துணி என்றாலே ஆகாது. பிரான்ஸில், மர்சேய் நகரத்தின் வடக்குக் கோடியில், ஆர்மீனியக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் மேட்டுத் தெருவில், அவள் அப்பா கால்சட்டை தைத்துப் பிழைத்தார். பித்தான் துளை, பை, உள்மடிப்பு என்று பொழுது முழுக்க உள்ளங்கை அகலத் துணியோடு மல்லுக்கட்டும் அந்த மனிதருக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், தைத்தால் விரித்த இடத்தில் தரை தெரியாத துணியாகத்தான் தைப்பது என்று சிறுவயதிலேயே தீர்மானித்துவிட்டாள். ரயில்பாதை வளைவுக்குக் கீழே ஒரு கொட்டகை பிடித்தாள். படகு உறை, சாப்பாட்டுக் கடைகளுக்கு வெயில் மறைப்பு, லாரிக்குக் கித்தான். இடுப்பை ஒடிக்கும் வேலை. ஆனால் மெஷினுக்குள் நீளமான துணி ஆறு மாதிரி ஓடும்போது அவளுக்கு இருக்கும் நிம்மதி வேறு எதிலும் இல்லை.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்து முடிந்தது. கணவன் ஒருநாள் லியோனுக்குப் போய்விட்டான். "விட்டுட்டுப் போனதைக்கூட மன்னிச்சிருவேன், லியோனுக்குப் போனான் பாரு" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். கால்பந்தாட்டத்தில் அந்த ஊருக்கும் மர்சேய்க்கும் ஏழாம் பொருத்தம்.

பந்தாட்டம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது கொட்டகைக் கதவு வழியாகத்தான். ஒரு குளிர்காலத்தில் ஊர் அணியின் ரசிகர் மன்றத்துத் தலைவன் தூசான் உள்ளே வந்தான். கோர்சிகாக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். மைதானத்தின் வடக்கு கேலரி முழுவதையும் மூடுகிற அளவுக்கு ஒரு துணி வேண்டும், தைக்க முடியுமா என்று கேட்டான். எந்த அளவு என்றாள். அவன் கையை விரித்துக் காட்டிப் பார்த்தான், போதவில்லை, கதவைத் திறந்து தெருக்கோடி வரை காட்டினான். ஷாக்கே அன்றைக்கே மன்றத்தில் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய துணிகள். மன்றத்துக் கிடங்கின் தரையில் முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து பட்டை பட்டையாக இணைத்துத் தைப்பாள். பையன்களும் பெண்களும் உருளைத் தூரிகையால் சாயம் அடிப்பார்கள். ஆட்டத்தன்று கேலரியில் நிற்கும் ஆயிரக்கணக்கான கைகள் அதைத் தலைக்கு மேல் ஏற்றும். ஷாக்கேவும் அந்தக் கைகளில் ஒருத்தி. துணி ஏறியதும் வானம் மறையும். வெளிச்சம் நீலமாக வடியும். சாய நெடி, பீர் நெடி, பக்கத்தில் நிற்பவனின் வேர்வை. அப்போது எதிர்ப்பக்கத்துக் கேலரியிலிருந்து ஓவென்று ஒரு முழக்கம் வரும். படம் நன்றாக வந்திருக்கிறது என்பது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். துணிக்கு அடியில் நிற்பவர்களுக்குத் துணியின் முதுகுதான். மறுநாள் பத்திரிகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு படம் போடுவார்கள். அதைப் பார்த்து அவள் ஒருநாளும் திருப்திப்பட்டதில்லை.

தைத்தவற்றில் எல்லோருக்கும் பிடித்தது துணி காயப்போடும் பெண். பாரிஸ் அணி வந்த ஓர் ஆட்டத்துக்காகச் செய்தது. ஏப்ரன் கட்டிய ஒரு பெண், பழைய துறைமுகத்தின் இந்தக் கோட்டைக்கும் அந்தக் கோட்டைக்கும் நடுவே கொடி கட்டி, ஊர் அணியின் நிறங்களான நீலமும் வெள்ளையுமாகத் துணி காயப்போடுகிறாள். அவள் கணுக்காலுக்குப் பக்கத்தில் கப்பல்கள். முகம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சாயம் அடித்தவர்களில் பாதிப் பேர் தன் அம்மா என்றார்கள், மீதிப் பேர் தன் அத்தை என்றார்கள்.

அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டுதான் ஒரு மார்ச் மாதம் ஏனோரா கொட்டகைக்கு வந்தாள். துறைமுக வாயிலில், கடலோரத்தில், கறுப்பு வலை போர்த்தின பெட்டி மாதிரி நிற்கிறதே தேசிய அருங்காட்சியகம், ஐரோப்பாவிலும் மத்தியதரைக்கடல் கரைகளிலும் வாழும் சனங்களின் சாமான்களையும் பழக்கவழக்கங்களையும் சேர்த்து வைக்கும் இடம், அங்கே பொருள்களைத் தேர்ந்தெடுத்து வாங்குவது அவள் வேலை. வயது முப்பத்தைந்து இருக்கும். மழைச்சட்டை போட்டிருந்தாள், மழை இல்லை.

கடலைச் சுற்றியுள்ள ஊர்களில் பந்தாட்டம் எப்படி மக்களைச் சேர்க்கிறது என்று ஒரு கண்காட்சி போடப்போகிறார்களாம். துணி காயப்போடும் பெண்ணை அதில் வைக்க வேண்டும், முடிந்ததும் அருங்காட்சியகத்திலேயே நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டும் என்றாள்.

"அது என் சொத்து இல்ல மேடம். மன்றத்தோடது. நீங்க தூசானைத்தான் கேக்கணும்."

"கேட்டேன். பாரிஸ்காரிகிட்ட பேசறதுக்கு ஒண்ணுமில்லன்னு போனை வெச்சுட்டார்."

"நீங்க பாரிஸா?"

"இல்லைங்க, பிரெஸ்ட். மேற்கே, கடற்கரை ஊர்."

ஷாக்கே அவளைப் பாவமாகப் பார்த்தாள். "வடக்கே அவிஞ்யோன் ஊரைத் தாண்டினா அவனுக்கு எல்லாமே பாரிஸ்தான். விடுங்க, நான் பேசிப் பாக்கறேன்."

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. மன்றத்தில் பழைய துணிகளை வைக்க இடம் கிடையாது. கொஞ்ச காலம் சுருட்டி வைத்திருப்பார்கள், எலி கடிக்கும், பிறகு வெட்டி அடுத்த துணிக்குச் சாயம் அடிக்கும்போது தரையில் விரித்துக்கொள்வார்கள். காயப்போடும் பெண்ணின் முறையும் நெருங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

மன்றக் கூட்டத்தில் அவள் விஷயத்தை எடுத்ததும் தூசான் எரிந்து விழுந்தான். செத்துப்போனவர்களின் சாமானை வைக்கிற இடம்தான் மியூசியம், நாம் என்ன செத்தா போய்விட்டோம் என்றான். வடக்குப் பேட்டைகளிலிருந்து எத்தனை பேர் அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம் என்றான். இரண்டு கைகள் எழுந்தன. அதில் ஒன்று சொயிலிஹியுடையது. கொமோரோத் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, நகரப் பேருந்து ஓட்டுநர், எந்தக் கூட்டத்திலும் சிரிப்பு மூட்டாமல் உட்காரத் தெரியாதவன். ஏசி இருக்கிறது என்று போனேன், என் பொண்டாட்டிதான் மத்ததைப் பார்த்தாள் என்றான்.

சிரிப்பு அடங்கியபோது ஷாக்கே எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. மியூசியத்துக்காக வாதாடத்தான் எழுந்தாள், வாயில் வந்தது வேறு.

"நான் அவளைப் பார்த்ததே இல்ல."

"யாரை?" என்றான் தூசான்.

"அவளைத்தான். ஒவ்வொரு தையலும் நான் போட்டது. கேலரியில ஏறினப்போ நான் அடியில நின்னேன். ஒரே ஒரு தடவை அவளை முழுசாப் பார்க்கணும் எனக்கு. அவ்வளவுதான்."

பின்வரிசையில் ஒரு பெண், நானும் பார்த்ததில்லை என்றாள். அப்புறம் இன்னொருவன். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது, அந்தக் கூடத்தில் ஒருத்தருமே பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் எதிர்ப்பக்கத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த ஊரார்தான். சொயிலிஹி தூசானைப் பார்த்து, "நீ ஆட்டத்தன்னிக்குக் கீழ மைக்கைப் பிடிச்சுக் கோஷம் போட எங்க பக்கம் திரும்பி நிக்கறவன். உனக்குத் தெரிஞ்சிருக்குமே தலைவரே" என்றான்.

தூசான் தாடையைச் சொறிந்துகொண்டான். "அவ செருப்பு தெரியும். வலது கால் செருப்பு. அதுக்கு மேல பார்த்தா கழுத்து சுளுக்கிரும்."

அன்று இரவே மன்றம் தன் நிபந்தனையைச் சொல்லி அனுப்பியது. துணியைத் தருகிறோம். ஆனால் அதற்கு முன்னால் அருங்காட்சியகத்து வாசலில், ஜே-4 துறையின் திறந்த வெளியில், முழுசாக ஒருமுறை விரிக்க வேண்டும், பிடிப்பது நாங்கள்தான். ஏனோரா தலையில் கை வைத்துக்கொண்டாள் என்று கேள்வி. தீயணைப்புக்காரர்கள், போலீஸ், துறைமுக அலுவலகம், காற்று இத்தனை வேகத்துக்கு மேல் வீசினால் கூடாது என்று ஒரு கட்டளை. ஆனாலும் விடாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டி அனுமதி வாங்கினாள். தூசானுக்கு அவளே போன் பண்ணிச் சொன்னாள். இந்தத் தடவை அவன் வைக்கவில்லை.

மே மாதத்து ஞாயிறு. காலையில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் இருந்தது. லாரியிலிருந்து சுருளை இறக்கவே முப்பது பேர் தேவைப்பட்டார்கள். மன்றத்தார் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஆனால் கேலரியில் ஆயிரக்கணக்கான கைகள் செய்கிற வேலையைச் சில நூறு கைகள் செய்ய வேண்டியிருந்தது. ஓரம் முழுக்கப் பிடிக்க ஆள் போதவில்லை. ஏனோரா உள்ளே போய்த் தன் அலுவலகத்தாரை அழைத்து வந்தாள், டிக்கெட் கொடுப்பவர்கள், காவலாளிகள், சூட் போட்ட ஒரு பெரியவர்கூட. அப்போதும் கடல் பக்கத்து ஓரம் தொங்கியது. துறைச் சுவரிலிருந்து தண்ணீரில் குதித்து விளையாடிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துத் தூசான் ஒலிபெருக்கியில் கத்தினான்.

"ஏய் கூட்டாளிகளா, மீன் எங்கயும் போகாது. வந்து ஒரு கை குடுங்க."

அவர்கள் சொட்டச் சொட்ட ஏறி வந்து வரிசையில் நின்றார்கள்.

ஷாக்கே பழக்கதோஷத்தில் ஓரத்தைப் பிடித்து நின்றுகொண்டாள். சொயிலிஹி வந்து அவள் விரல்களைத் துணியிலிருந்து பிரித்தெடுத்தான். "அக்கா, உனக்கு என்ன பைத்தியமா. மேல போ. எதுக்கு இவ்வளவு கூத்துன்னே மறந்துட்டியா."

பழைய கோட்டையிலிருந்து அருங்காட்சியகத்தின் மொட்டைமாடிக்குக் கறுப்பாக ஒரு நடைபாலம் போகிறது. கீழே வேடிக்கை பார்க்க வந்தவர்களால் அது நிரம்பியிருந்தது. அவர்களை இடித்துக்கொண்டு ஷாக்கே நடுப்பாலத்துக்கு வந்து கம்பியைப் பிடித்தாள். கீழே சுருள் உருள ஆரம்பித்தது. முதலில் செருப்பு வந்தது. பிறகு கப்பல்கள். ஏப்ரன். கொடியும் கொடியில் நீலமும் வெள்ளையும். கடைசியாக முகம். எல்லாரும் ஓரத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இழுத்துப் பிடித்தபோது, சுருக்கமெல்லாம் போய், அவள் அங்கே கிடந்தாள். கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே, வெயிலில், வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு.

கிளிப்பைக் கடித்திருக்கிறாள் என்பதே ஷாக்கேவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் நின்ற ஒரு சுற்றுலாப் பயணி அவளிடம் ஏதோ கேட்டான். அவள் காதில் விழவில்லை. மனசுக்குள் என்னவோ லேசாகக் கழன்றுகொண்டது மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது சிரிப்பு. ஏனென்றால் அந்தப் பெண்ணின் இடது கை கோணலாக இருந்தது. முழங்கைக்குக் கொஞ்சம் மேலே ஒரு பட்டை ஒரு சாண் தள்ளி இணைந்திருக்கிறது. கை அந்த இடத்தில் ஒடிந்து மறுபடி தொடங்குகிறது. கிடங்குத் தரையில் முழங்காலில் ஊர்ந்தபோது கோட்டை விட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக ஊரே பார்த்தும் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் காற்று பட்டது. சில்லென்று, கடல் பக்கத்திலிருந்து. அவள் படகு உறை தைப்பவள், கடல் காற்று துணியை என்ன செய்யும் என்று தெரியும். கம்பியை இறுகப் பிடித்தாள்.

துணி ஒருமுறை மூச்சு இழுத்தது. நடுவில் குமிழியாக எழும்பியது, கப்பல் பாய் மாதிரி புடைத்தது. கடலோரம் பிடித்திருந்த பையன்கள் நாலைந்து அடி இழுபட்டார்கள். தூசான் விடுங்கள் என்கிறானா பிடியுங்கள் என்கிறானா, மேலே இருந்து புரியவில்லை. அப்போது ஏப்ரனின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கிழிசல் ஓடியது. அந்தச் சத்தம் பாலம் வரைக்கும் வந்தது.

யார் முதலில் படுத்தது என்பதில் இன்றைக்கும் சண்டை இருக்கிறது. ஷாக்கே பார்த்ததைச் சொல்வதானால், ஏனோராதான். அந்த மழைச்சட்டையோடு ஓடி வந்து, தரையைத் தொட்டிருந்த ஒரு மூலையில் குப்புற விழுந்தாள். அடுத்து சொயிலிஹி. அதற்குள் விஷயம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. மன்றத்தார், காவலாளிகள், ஈர ஜட்டியோடு இருந்தவர்கள், சூட் போட்ட பெரியவர், எல்லோரும் ஓரத்திலிருந்து உள்ளே விழுந்து விழுந்து படுத்தார்கள். காற்று அடியில் புகுந்து தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஷாக்கே கீழே இறங்கி ஓடி வந்தபோது, தூசான் அந்தப் பெண்ணின் கன்னத்தில் மல்லாந்து படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா?" என்று கேட்டான்.

"பார்த்தேன்."

"எப்படி இருந்தா?"

"இடது கை ஒடிஞ்சிருக்கு. நான்தான் ஒடிச்சிருக்கேன்."

அவன் படுத்தபடியே கண்ணை மூடிச் சிரித்தான். பிறகு சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, போங்கடா, பத்துப் பத்துப் பேராப் பாலத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க, மத்தவங்க அசையாமப் படுத்திருங்க என்றான். மத்தியானம் வரை அது நடந்தது. கடைசி ஆளாகத் தூசான் போனான். மேலே ரொம்ப நேரம் நின்றான். இறங்கி வந்தபோது குரல் வழக்கத்தைவிட மோசமாகக் கட்டியிருந்தது.

கிழிசல் ஆறேழு மீட்டர் நீளம். தையல் எங்கேயும் விடவில்லை, பக்கத்துத் துணிதான் கிழிந்திருந்தது. அருங்காட்சியகத்தின் பின்கூடத்தில் அதைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. சேகரிப்பில் சேர்ந்துவிட்ட எந்தப் பொருளையும் தங்கள் இஷ்டத்துக்குத் தைக்கவோ ஒட்டவோ முடியாது என்று ஏனோரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். நிபுணர்கள் பார்க்க வேண்டும், குழு கூட வேண்டும், அநேகமாக அப்படியே விடச் சொல்வார்கள்.

ஷாக்கே தன் பையிலிருந்து ஊசிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டாள். "சேகரிப்புல சேர்ந்தாச்சா?"

"நன்கொடைப் பத்திரத்துல தூசான் கையெழுத்துப் போட்டதும் சேர்ந்துரும்."

"போட்டுட்டியா தூசான்?"

"பேனா இல்ல" என்றான் தூசான்.

ஏனோரா தன் கையில் இருந்த பேனாவை ஒரு கணம் பார்த்தாள். மழைச்சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கணும் சொல்லுங்க என்றாள்.

சாயங்காலம் வரை தைத்தார்கள். மெஷின் அங்கே இல்லாததால் கையாலேயே. சொயிலிஹி வண்டிக்கடையிலிருந்து பீட்ஸா அடுக்கிக்கொண்டு வந்தான், பாதி நெத்திலி, பாதி சீஸ். துணியிலிருந்து தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று ஏனோரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கிழிசல் முடிந்ததும் ஷாக்கே இடது கைக்கு வந்தாள். தையல் பிரிக்கும் கத்தி கையில் இருந்தது. ஒரு பட்டையைப் பிரித்து ஒரு சாண் நகர்த்தினால் போதும், பொழுது இருந்தது. ஒரு முனையைப் பிரித்தும்விட்டாள்.

"என்ன பண்றே?" என்றான் தூசான்.

"கையைச் சரி பண்றேன்."

"இவ்வளவு வருஷம் அந்தக் கையாலதான் துணி காயப்போட்டா. கொடியில ஏதாவது காயாமப் போச்சா?"

ஷாக்கே யோசித்தாள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் பிரித்துத் தைக்கத்தான் சொல்லியிருப்பார், அவர் கால்சட்டைக்காரர். அவள் பிரித்த முனையை மறுபடி அதே இடத்தில் தைத்தாள். அப்புறம் ஏனோரா பேனாவைத் தேடி எடுத்தாள்.

கண்காட்சியில் அவளை முழுசாக விரிக்க எந்தக் கூடமும் போதவில்லை. மடித்து, முகமும் அந்த இடது கையும் கொடியில் கொஞ்சமும் மட்டும் தெரிகிற மாதிரி மேலிருந்து தொங்கவிட்டார்கள். பக்கத்துச் சுவரில், பாலத்திலிருந்து யாரோ எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடியது, சனங்கள் துணிமேல் விழுந்து விழுந்து படுப்பது. திறப்புநாளில் மன்றத்தார் கழுத்தில் அணியின் சால்வையோடு உள்ளே வந்தார்கள். முதலில் கோயிலுக்குள் வந்தவர்கள் மாதிரி மெதுவாகப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருத்தி பாட ஆரம்பிக்க, காவலாளிகளில் ஒருவன் பின்பாட்டுப் பாடினான். அவனும் துணியைப் பிடித்தவன்தான்.

அந்த வருஷம் ஷாக்கேவுக்கு வேலை குவிந்தது. அருங்காட்சியகத்தார் கோட்டை முற்றத்துக்கு நிழல்துணி கேட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நேப்பிள்ஸிலிருந்து ஒரு மன்றத்தார் கூப்பிட்டு, தங்களுக்கு ஒன்று தைக்க முடியுமா என்றார்கள். அவர்களுக்காக ரயிலேறிப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஊரைவிட்டு அவள் போன முதல் பயணம் அது. ஏனோரா இப்போது ஆட்டத்துக்கு வருகிறாள், வடக்கு கேலரியில் நிற்கிறாள். தூசான் அவளைப் பாரிஸ்காரி என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறான். அவளும் திருத்துவதில்லை.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் நிழல்துணிக்கு அளவெடுக்க வந்த ஷாக்கே, கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கடைகோடியில், பழைய திருவிழா ராட்டினத்தில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் மரப்பன்றி ஒன்றின் முன்னால், தூசான் தன் வயதான அம்மாவோடு நின்றுகொண்டிருந்தான். அம்மாவுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். ஷாக்கேவைப் பார்த்ததும் விறைத்தான்.

"அம்மாவுக்கு டாய்லெட் போகணும்னு வந்தோம்."

"எனக்கா?" என்றார் அந்த அம்மா.

மூவருமாக வெளியே வந்து துறைச் சுவரில் உட்கார்ந்தார்கள். அம்மா அல்ஜியர்ஸ் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசான் காலர் வரை பட்டனைப் பூட்டிக்கொண்டு, வசந்தத்துக்கு ஒரு யோசனை இருக்கிறது என்று ஆரம்பித்தான். ஆக்டோபஸ். கடலிலிருந்து எழுந்து வருகிற மாதிரி. எட்டுக் கையும் கேலரி முழுக்க.

"எட்டா?" என்றாள் ஷாக்கே. "எவ்வளவு துணி ஆகும் தெரியுமா? ஆறு போதாதா?"

"ஆக்டோபஸ்ஸுக்கு எட்டுதான் தையக்காரி. அது நான் முடிவு பண்றதில்ல."

ஏழாக வைத்துக்கொள்ளலாம், எட்டாவது தண்ணிக்குள்ள இருக்குன்னு சொல்லிக்கலாம் என்றாள். முடியாது என்றான். அம்மா திரும்பி, ஆக்டோபஸ்ஸை எப்படிச் சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஷாக்கே எழுந்து, துறையோரமாக அகலக் கால் வைத்து நடந்து, ஒரு கைக்கு எத்தனை மீட்டர் வரும் என்று அளக்க ஆரம்பித்தாள்.